அடையில் இருக்கிற கோழிக்கு வேற்றுக் குஞ்சு சேர்க்கலாமா? இன்று ராத்திரிக்குள் முடிவெடுக்க வேண்டும்

குப்பனூர்க்காரி | மார்ச் 14, மாலை 6.50

எல்லோருக்கும் வணக்கம். சேர்வராயன் மலை அடிவாரத்தில், குப்பனூர் பக்கம் எங்கள் தோட்டம். கொஞ்சம் மரவள்ளி, கொஞ்சம் மா, 4 மாடு, பத்துப் பன்னிரண்டு நாட்டுக்கோழி. அதில் ஒரு சிறுவிடைக் கோழி (சின்ன உடம்பு நாட்டுக்கோழி), செவலையில் கரும்புள்ளி, 9 முட்டையோடு அடையில் உட்கார்ந்து இன்றோடு 12 நாள். மாட்டுக் கொட்டகை மூலையில் பழைய கூடையில் வைக்கோல் போட்டு அத்தைதான் வைத்தார்கள்.

நேற்று ராத்திரி செல்போன் டார்ச்சில் முட்டைகளைப் பிடித்துப் பார்த்தேன். 7 முட்டையில் ஒன்றுமே இல்லை, வெளிச்சம் அப்படியே இந்தப் பக்கம் வந்துவிடுகிறது. இரண்டில் மட்டும் உள்ளே கருப்பாக உருவமும், சுற்றிலும் நரம்பும். மாசி ஆரம்பத்தில் எங்கள் சேவலைக் கீரி பிடித்துக்கொண்டு போய்விட்டது. அதற்கப்புறம் சேர்த்த முட்டைகள்தான் இவை, அதனால் எனக்கு ஆச்சரியமில்லை. அந்த இரண்டுமாவது கருக்கூடியதே பெரிது.

இன்று மதியம் என் தம்பி வந்தான். வரும் வழியில் அயோத்தியாப்பட்டணத்தில் மொபெட்டில் கூடை கட்டி விற்றவரிடம், மருமகனுக்கு என்று கலர்க் கோழிக்குஞ்சு 6 வாங்கி வந்துவிட்டான். 3 ரோஸ், 2 பச்சை, 1 ஆரஞ்சு. செருப்பு டப்பாவுக்குள் கத்திக்கொண்டே இருக்கின்றன. பையன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு கொட்டகைப் பக்கம் போனபோது, அடைக்கோழி கழுத்தைத் தூக்கி ஒரு குரல் கொடுத்தது. இந்த 12 நாளில் நான் கேட்காத குரல். குஞ்சுகளும் ஒரு நொடி நிறுத்திவிட்டு மறுபடி கத்தின.

இந்த 6 குஞ்சையும் அதன் அடியில் வைத்தால் ஏற்குமா? வைத்தால் அந்த இரண்டு முட்டை என்ன ஆகும்? அத்தை கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருக்கிறார்கள், போன் கிடைக்கவில்லை.

எடப்பாடி பெருவிடை | மார்ச் 14, இரவு 7.15

அம்மணி, அவசரப்பட வேண்டாம். அவயத்துக்கு உட்கார்ந்த கோழிக்கு 18, 19 நாள் ஆனால்தான் குஞ்சு நினைப்பு முழுசாக வரும். போன வருசம் 9ஆம் நாளில் இருந்த என் பெருவிடைக் கோழிக்கு, வெளியில் வாங்கின குஞ்சு 5 வைத்தேன். பகலில் வைத்தேன், அது என் தப்பு. முதல் குஞ்சை உச்சந்தலையிலேயே கொத்தியது. நான் கை நீட்டுவதற்குள் இரண்டாவதையும் கொத்திவிட்டது. இரண்டுமே பிழைக்கவில்லை. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. சிறுவிடை அவ்வளவு முரடு இல்லைதான். ஆனாலும் பார்த்துச் செய்யுங்கள்.

வாழப்பாடித் தம்பி | மார்ச் 14, இரவு 7.32

அக்கா, நான் சின்ன அளவில் இன்குபேட்டர் வைத்துக் குஞ்சு பொரிக்கிறேன். என்னைக் கேட்டால் கோழியைத் தொந்தரவு செய்யாதீர்கள், குஞ்சுகளை அட்டைப்பெட்டியில் போட்டு பல்பு போடுங்கள். முதல் வாரம் குஞ்சு உட்காரும் இடத்தில் 35 டிகிரி இருக்க வேண்டும், வாரத்துக்கு 3 டிகிரி மாதிரி குறைத்துக்கொண்டு வரலாம். இப்போது வீட்டில் இருக்கும் எல்இடி பல்பு சூடே தராது. பழைய குண்டு பல்பு 60 வாட் இருந்தால் தேடுங்கள். குஞ்சுகள் பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் குளிர், சுவரோரம் ஒதுங்கி வாயைத் திறந்தால் சூடு அதிகம். பரவலாகப் படுத்திருந்தால் சரி.

குப்பனூர்க்காரி | மார்ச் 14, இரவு 7.40

தம்பி, குண்டு பல்பு வீட்டில் இல்லை, கடையும் மூடிவிட்டது. தோட்டத்துக்கு வரும் கரண்டும் ராத்திரியில் இரண்டு மூன்று தடவை போகும்.

அடிவாரத்தான் | மார்ச் 14, இரவு 7.48

இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. முட்டைக்கோழிப் பொரிப்பகங்களில் முதல் நாளே சேவலையும் பெட்டையையும் பிரித்துவிடுவார்கள். வெள்ளை லெகார்ன் சேவல் முட்டை இடப்போவதில்லை, பிராய்லர் மாதிரி எடையும் போடாது. வேண்டாம் என்று கழித்த அந்தச் சேவல் குஞ்சுகளைத்தான் சாயத்தில் முக்கி ரோட்டில் விற்கிறார்கள். பெரும்பாலானவை ஒரு வாரம் தாண்டுவதில்லை. நாம் வாங்க வாங்க அந்த வியாபாரம் நடந்துகொண்டேதான் இருக்கும். உங்கள் தம்பியிடம் அன்பாகச் சொல்லி வையுங்கள். வந்த 6 உயிரையும் காப்பாற்றப் பாருங்கள், அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

ஆத்தூர் பேத்தி | மார்ச் 14, இரவு 7.55

என் அப்பத்தாவுக்கு இதை வாசித்துக் காட்டினேன். அவர் சொல்லச் சொல்லத் தட்டுகிறேன்.

"கண்ணு, கோழி அந்தக் குரல் குடுத்துச்சுன்னா அது தாயாயிருச்சு. நாளை எண்ணிக்கிட்டு இருக்காத. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல, எல்லா வெளக்கையும் அணைச்சுட்டுப் போ. ஒரு முட்டையை எடு, எடுத்த கைக்குள்ளயே குஞ்சைப் பொத்தி வெச்சு அடியில விடு. உன் புறங்கை மேல இருக்கணும், அது கொத்துனா உன் கையைக் கொத்தட்டும். மொதல்ல ரெண்டு. கொஞ்ச நேரம் காது குடுத்துக் கேளு. அது தொண்டைக்குள்ள குர்குர்னு பேசுனா மிச்சத்தையும் விடு. வெடுக்குனு சத்தம் போட்டா எடுத்துரு. விடியறதுக்கு முன்ன நீ அங்க இருக்கணும்."

விடிகாலை விஷயத்தை அப்பத்தா மூன்று தடவை சொன்னார். ராத்திரி இருட்டில் எந்தக் கோழியும் சும்மாதான் இருக்குமாம். முதல் வெளிச்சத்தில் குஞ்சின் முகத்தைப் பார்க்கும்போதுதான் தெரியுமாம்.

கால்நடை மாணவி | மார்ச் 14, இரவு 8.05

அப்பத்தா சொன்னதை அப்படியே செய்யுங்கள் அக்கா. நான் படிப்பில் கற்றதும் அதோடு ஒத்துப்போகிறது.

அடையில் உட்காரும்போது கோழியின் ரத்தத்தில் புரோலாக்டின் என்கிற சுரப்பு ஏறுகிறது. முட்டையின் தொடுதல் இருக்கும் வரை அது இறங்காது. பொரிப்பதற்கு ஓரிரு நாள் முன்பே ஓட்டுக்குள் இருக்கும் குஞ்சு சத்தம் கொடுக்கும், தாயும் பதில் கொடுக்கும். அந்த இடத்தில்தான் அடைக்கோழி தாய்க்கோழியாக மாறுகிறது. உங்கள் கோழி அந்தச் சத்தத்தை இன்று டப்பாவிலிருந்து கேட்டுவிட்டது. 12ஆம் நாள் கொஞ்சம் சீக்கிரம்தான், ஆனால் நடக்காத காரியம் இல்லை.

எனக்குக் கவலை குஞ்சுகளைப் பற்றித்தான். பொரித்த முதல் ஓரிரு நாளில் எதைப் பின்தொடர்கிறதோ அதைத்தான் குஞ்சு தாய் என்று பதித்துக்கொள்ளும். வாத்துக்குஞ்சுகளைத் தன் பின்னாலேயே நடக்க வைத்தவர் என்று கான்ராட் லோரன்ஸைப் பற்றிச் சொல்வார்கள், 1973இல் நோபல் பரிசு வாங்கியவர், அவர் ஆராய்ந்தது இதைத்தான். பொரிக்கும்போது வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட மஞ்சள் கருவை வைத்து ஒரு குஞ்சு 2, 3 நாள் தீவனமில்லாமல் தாங்கும். அதனால்தான் இப்படிக் கூடையில் போட்டு ஊர் ஊராக விற்க முடிகிறது. இறக்கையைப் பாருங்கள். வெறும் பஞ்சு முடியாகவோ நுனியில் மட்டும் சின்ன இறகோ இருந்தால் 2, 3 நாள் குஞ்சு. இறகு நன்றாக நீண்டிருந்தால் வயது கூடிவிட்டது, கோழிக்கு அடியில் போகாமல் ஓடும்.

இப்போதே வெதுவெதுப்பான தண்ணீரில் துளி வெல்லம் கரைத்து ஒவ்வொன்றின் அலகையும் நனையுங்கள். சாயத்தைக் கழுவப் போகாதீர்கள், நனைந்தால் குஞ்சு ராத்திரிக்குள் குளிரில் செத்துவிடும்.

வாழப்பாடித் தம்பி | மார்ச் 14, இரவு 8.12

கரண்ட் இல்லையென்றால் கோழிதான் வழி, நான் ஒத்துக்கொள்கிறேன். அந்த இரண்டு முட்டையை என்னிடம் கொடுங்கள் அக்கா. குஞ்சு வந்துவிட்டால் கோழி ஓரிரு நாளில் கூடையை விட்டு இறங்கிவிடும், முட்டை ஆறிப்போய்விடும். என் மெஷின் 37.5 டிகிரியில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. தூக்குவாளியில் வெதுவெதுப்பான உமி போட்டு, நடுவில் முட்டையைப் பஞ்சில் சுற்றிக் கொண்டுவரச் சொல்லுங்கள். முக்கால் மணி நேரம் தாங்கும்.

எடப்பாடி பெருவிடை | மார்ச் 14, இரவு 8.20

ஒரு வார்த்தை. கூடைக்குள் கையை விட்டுச் செள்ளு (கோழிப் பேன்) இருக்கிறதா என்று பாருங்கள். அடைக்கோழி நகராமல் உட்கார்வதால் அதன் மேல்தான் எல்லாம் ஏறும். இருந்தால் வைக்கோலை மாற்றி, நொச்சித் தழையோ வேப்பந்தழையோ அடியில் போடுங்கள்.

குப்பனூர்க்காரி | மார்ச் 15, காலை 7.20

நடந்ததைச் சொல்கிறேன்.

எட்டரைக்கு வீட்டுக்காரர் இரண்டு முட்டையோடு பைக்கில் வாழப்பாடி போனார். தம்பி பஸ் நிறுத்தத்திலேயே வந்து வாங்கிக்கொண்டார். நல்லாயிருப்பீங்க தம்பி.

ஒன்பதரைக்கு நானும் பையனும் கொட்டகைக்குப் போனோம். செருப்பைக் கழற்றிவிட்டுப் போனோம். மாடு அசை போடுகிற சத்தம் மட்டும். கூடையின் விளிம்பைத் தடவித்தான் கோழியைக் கண்டுபிடித்தேன். வயிற்றுக்கு அடியில் கையை விட்டேன். அங்கே இறகு இல்லை, வெறும் தோல், காய்ச்சல்காரர் நெற்றி மாதிரி கொதித்தது. ஒரு முட்டையை எடுத்தேன். கொத்தினது, என் கட்டை விரல் முட்டியில். முதலில் ஆரஞ்சுக் குஞ்சை விட்டேன், அப்புறம் ஒரு ரோஸ். உள்ளே போனதும் இரண்டும் கத்துவதை நிறுத்திவிட்டன. அடுப்பை அணைத்த மாதிரி பட்டென்று நின்றது. அப்புறம் அந்தச் சத்தம் வந்தது, தொண்டைக்குள் இருந்து, குர்ர்ர் குர்ர்ர் என்று. பையன் என் கையைப் பிடித்து அழுத்தினான். மீதி நான்கையும் விட்டோம். கூமுட்டை ஏழையும் எடுத்துவிட்டேன்.

நாலே முக்காலுக்கு எழுந்து போய் உட்கார்ந்தேன். வெளிச்சம் வர ஆறே கால் ஆயிற்று. முதலில் நெஞ்சு இறகுக்கு நடுவில் இருந்து ஒரு ரோஸ் தலை வந்தது. கோழி தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் அதைப் பார்த்தது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தேன். அலகை இறக்கி, அந்தக் குஞ்சின் அலகு ஓரத்தில் ஒட்டியிருந்த வைக்கோல் தூசியைக் கொத்தி எடுத்துப் போட்டது. அவ்வளவுதான். அப்புறம் பச்சை வந்தது, அதையும் பார்த்தது, விட்டுவிட்டது. ரோஸ் என்ன, பச்சை என்ன, அதற்குக் கணக்கே இல்லை.

ஆனால் இன்னொரு பச்சைக் குஞ்சு கூடையின் அடி ஓரத்தில் விறைத்துக் கிடந்தது. நேற்றே அது கண்ணை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தது. மிதித்துவிட்டதா, குளிரில் போய்விட்டதா, தெரியவில்லை. பையன் மா மரத்தடியில் புதைத்துவிட்டு வந்து இன்னும் சாப்பிடவில்லை.

ஆத்தூர் பேத்தி | மார்ச் 15, காலை 8.02

"கோழி மிதிச்சுக் குஞ்சு சாகாது கண்ணு. அந்தக் குஞ்சுக்கு வரும்போதே சத்து இல்ல. பையனைச் சாப்பிடச் சொல்லு." இது அப்பத்தா.

எடப்பாடி பெருவிடை | மார்ச் 15, காலை 8.30

பழமொழி தாயோடு பிறந்த குஞ்சுக்குச் சரி, அது விலகத் தெரிந்த குஞ்சு. ஆழமான கூடையில் வெளிக்குஞ்சு ஓரத்தில் சரிந்தால் திரும்ப ஏறத் தெரியாது. இன்றே கூடையை எடுத்துவிட்டுத் தரையில் மணல் பரப்பி, அதன்மேல் வைக்கோல் போட்டு, மேலே கொடாப்பை (கோழி அடைக்கும் கூண்டை) கவிழ்த்து வையுங்கள். குழி இருக்கக் கூடாது. தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போடுங்கள், விழுந்தால் முங்காது.

முதல் குஞ்சின் முகத்தைப் பார்த்துவிட்டது என்று படித்ததும் எனக்கு நிம்மதி. 18 நாள் என்று நான் அடித்துச் சொன்னது தப்பு.

நாகலூர் காப்பித்தோட்டம் | மார்ச் 15, மதியம் 1.10

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். மேலே ஏற்காடு பக்கம் நாகலூரில் இருக்கிறேன். இங்கே மார்ச்சிலும் விடியலில் போர்வை வேண்டும், அடைக்கோழி இல்லாமல் நாங்கள் குஞ்சு வளர்ப்பதில்லை. என் கோழி ஒன்று மார்ச் 22, 23 வாக்கில் பொரிக்கும். உங்கள் இரண்டு முட்டையும் அதே நாளுக்குத்தான் வருகிறது, இல்லையா?

குப்பனூர்க்காரி | மார்ச் 15, இரவு 9.00

ஆமாம் அண்ணா, 2ஆம் தேதி வைத்தது. 23 வரும்.

குப்பனூர்க்காரி | மார்ச் 19, மாலை 5.30

நேற்றுக் காலை கோழி தானாகவே குஞ்சுகளை வெளியே கூட்டி வந்தது. இந்தக் குஞ்சுகளுக்குச் சீய்க்கத் தெரியவில்லை. நொய்யைத் தட்டில் போட்டால் தின்கின்றன, மண்ணில் சிதறினால் சும்மா நிற்கின்றன. கோழி குப்பைமேட்டில் இரண்டு கால் சீய்த்துவிட்டு, பின்வாங்கி, கொக் கொக் கொக் என்று வேகமாகக் கூப்பிடுகிறது. ஒரு புழுவை அலகில் எடுத்து, கீழே போட்டு, மறுபடி எடுத்து, மறுபடி போடுகிறது. அதுவாகத் தின்னவே இல்லை. நேற்று முழுக்க நாலு குஞ்சு வேடிக்கை பார்த்தன. ஆரஞ்சு மட்டும் ஓடி வந்து வாங்கிற்று. இன்று மதியம் ஐந்தும் குப்பையைச் சீய்க்கின்றன. காலை உதறத் தெரியாமல் ஒன்று பின்னால் உருண்டு விழுகிறது, எழுந்து மறுபடி சீய்க்கிறது.

அத்தை திரும்பி வந்துவிட்டார்கள். அவர்கள் அடை வைக்கும்போது ஆணியும் கரித்துண்டும் கூடையில் போட்டிருந்தார்கள், இடி இடித்தால் முட்டை கெடாமல் இருக்க. "இடி விழல, சேவல்தான் இல்ல" என்று அவர்களே சொன்னார்கள். கரையானுக்குப் பானை கட்டியிருக்கிறார்கள். பழைய மண்பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணி, கொஞ்சம் ஓலை, தண்ணீர் தெளித்து ராத்திரி மண்ணில் கவிழ்த்து வைத்தால் காலையில் பானை நிறையக் கரையான். அதைக் கொட்டினதும் கோழி போட்ட கூச்சல் மாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தது.

கால்நடை மாணவி | மார்ச் 19, இரவு 8.15

படிக்கப் படிக்கச் சந்தோஷமாக இருக்கிறது அக்கா. 21ஆம் தேதி வாக்கில் வெள்ளைக் கழிச்சலுக்கு முதல் தடுப்பு மருந்து, கண்ணில் ஒரு சொட்டு. கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள், ஐஸ் போட்ட பிளாஸ்கில் வாங்கி வாருங்கள், வெயில் படக் கூடாது. 8 வாரத்தில் இறக்கைக்கு அடியில் ஊசி. வருசா வருசம் பிப்ரவரியில் இதே நோய்க்குக் கோழிக் கழிச்சல் முகாம் போடுவார்கள், பெரிய கோழிகளுக்கு அதில் போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். குஞ்சுக்குத் தீவனம் வாங்கினால் குஞ்சுத் தீவனம் மட்டும். முட்டைக்கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து அதிகம், குஞ்சின் சிறுநீரகம் தாங்காது. தாய் குஞ்சுத் தீவனத்தைத் தின்றால் பரவாயில்லை.

குப்பனூர்க்காரி | மார்ச் 23, இரவு 7.45

இரண்டு செய்தி. ஒரு ரோஸ் குஞ்சைக் காக்கை தூக்கிவிட்டது. பருந்துக்கெல்லாம் கோழி நன்றாகவே காவல் காத்தது. மேலே நிழல் வந்தாலே நீளமாக ஒரு குரல், குஞ்சுகள் எங்கிருந்தாலும் இறக்கைக்குள் போய்விடும். காக்கை அப்படி வரவில்லை. கோழியோடு சேர்ந்து குப்பையில் மேய்கிற மாதிரி நடந்து வந்து, நொடியில் கொத்திக்கொண்டு போனது. கோழி ஓட்டு வீட்டுக் கூரை வரைக்கும் பறந்தது. கீழே இறங்கி சாயங்காலம் வரை அந்த இடத்திலேயே நின்று கூப்பிட்டது. எண்ணத் தெரியாது என்று இனி என்னிடம் யாரும் சொல்ல வேண்டாம்.

இரண்டாவது, வாழப்பாடித் தம்பி போன் செய்தார்.

வாழப்பாடித் தம்பி | மார்ச் 23, இரவு 8.00

ஒரு முட்டை இன்று காலை பொரித்துவிட்டது. கறுப்பு, நெற்றியில் வெள்ளைப் பொட்டு, நல்ல துடிப்பு. இன்னொன்று நேற்று ஓட்டைக் கொத்தித் துளை போட்டது, அதோடு நின்றுவிட்டது. ஈரப்பதத்தை ஏற்றிப் பார்த்தேன், இன்று மதியம் வரை காத்திருந்தேன். உள்ளேயே செத்துவிட்டது. மன்னித்துவிடுங்கள் அக்கா.

குப்பனூர்க்காரி | மார்ச் 23, இரவு 8.10

நீங்கள் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும். அது உயிரோடு இருந்த கடைசி நாள் வரை சூடாக இருந்ததே உங்களால்தான். இந்தக் கறுப்பை என் கோழியிடமே விடலாமா? அது பெற்ற பிள்ளை இது ஒன்றுதான்.

கால்நடை மாணவி | மார்ச் 23, இரவு 8.25

எனக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் வேண்டாம் அக்கா. 9 நாளில் கோழி தன் 4 குஞ்சையும் முகமும் குரலுமாக அடையாளம் வைத்துவிட்டது. இனி வருவது அதற்கு அடுத்த வீட்டுக் குஞ்சு. முட்டையாக இருந்தபோது தன்னுடையது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. அதோடு பத்து நாள் தாண்டிய குஞ்சுகள் ஓடும் ஓட்டத்துக்கு ஒரு நாள் குஞ்சால் ஈடு கொடுக்க முடியாது. தாயும் இன்னும் இறக்கைக்குள் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருக்காது.

நாகலூர் காப்பித்தோட்டம் | மார்ச் 23, இரவு 8.40

என் கோழிக்கு நேற்றும் இன்றுமாக 7 பொரித்திருக்கிறது. இன்னும் கூடையை விட்டு இறங்கவில்லை. நாளை அயோத்தியாப்பட்டணத்துக்கு உரம் எடுக்க இறங்குகிறேன். கொட்டச்சேடு வழியாக ஏறும்போது உங்கள் ஊரைத் தாண்டித்தான் போக வேண்டும். கறுப்பை என்னிடம் கொடுத்துவிடுங்கள்.

நாகலூர் காப்பித்தோட்டம் | மார்ச் 25, காலை 9.15

நேற்று மாலை குப்பனூர்ச் சாலையில் வாழப்பாடித் தம்பியும் அந்த அம்மாவும் பையனும் காத்திருந்தார்கள். பையன் ஒரு சின்னத் துணிப்பையில் குஞ்சை வைத்துக் கொடுத்தான். "அதுக்கு அண்ணனுங்க இருக்காங்கன்னு சொல்லுங்க" என்றான். சட்டைக்குள், பனியனுக்கு மேல் வைத்துக்கொண்டு வண்டியில் ஏறினேன். கொட்டச்சேடு தாண்டினதும் குளிர் ஏறியது. குஞ்சு வழியெல்லாம் ஒரு மாதிரி முனகிக்கொண்டே வந்தது, அது நிற்கும் போதெல்லாம் வண்டியை நிறுத்தித் தொட்டுப் பார்த்தேன்.

ராத்திரி பத்து மணிக்கு அடியில் விட்டேன். என் கோழி கொத்தக்கூட இல்லை, உடம்பைக் கொஞ்சம் தூக்கி இடம் விட்டது. காலையில் எண்ணினேன், 8. என்னுடையவற்றிலேயே 3 கறுப்பு இருப்பதால், நெற்றிப் பொட்டை வைத்துத்தான் தெரிகிறது. பத்து நாளைக்கு முன் பெய்த மழைக்கு இன்று தோட்டம் முழுக்கக் காப்பிப் பூ. வெள்ளையாகக் கிடக்கிறது, வாசம் அடுக்களை வரை வருகிறது. குஞ்சுகளை முதல் தடவை வெளியே விட நல்ல நாள்தான்.

குப்பனூர்க்காரி | மார்ச் 25, காலை 9.40

அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு சாணி அள்ளப் போய்விட்டார்கள்.

அடிவாரத்தான் | ஏப்ரல் 12, மாலை 6.00

4 குஞ்சும் எப்படி இருக்கின்றன?

குப்பனூர்க்காரி | ஏப்ரல் 12, இரவு 9.10

நான்கும் இருக்கின்றன அண்ணா. கோடை மழையில் கொட்டகை ஈரமானபோது ஒன்றுக்கு ரத்தக் கழிச்சல் வந்தது. மருந்தகத்தில் கொடுத்த மருந்தைத் தண்ணீரில் கலந்து 5 நாள் கொடுத்து, மணலையும் மாற்றியதில் தேறிவிட்டது. சாயம் போய் எல்லாம் வெள்ளை இறகு. ஆரஞ்சுக்கு மட்டும் கழுத்தில் துளி நிறம் ஒட்டியிருக்கிறது. உயரத்தில் தாயின் முதுகை எட்டிவிட்டன, இருந்தும் சாயங்காலம் ஆனால் இறக்கைக்குள் போகப் பார்க்கின்றன. தலை மட்டும் உள்ளே, உடம்பெல்லாம் வெளியே. கோழி இரண்டு இறக்கையையும் விரித்துத் தரையோடு அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

என் தம்பியிடம் பேசிவிட்டேன். இனி வாங்க மாட்டேன் என்றான்.

குப்பனூர்க்காரி | ஏப்ரல் 27, காலை 7.00

கோழி குஞ்சுகளைப் பிரித்துவிட்டது. மூன்று நாளாகத் தட்டுக்குப் பக்கத்தில் வந்தால் கொத்துகிறது. நேற்று இரவு அது மட்டும் முருங்கை மரத்தில் ஏறிவிட்டது. நான்கும் மரத்தடியில் நின்று கத்திவிட்டு, அப்புறம் கொட்டகையில் பழைய மூலைக்கே போய் வரிசையாகப் படுத்துக்கொண்டன. பையனுக்குத்தான் கோபம், கோழியோடு பேச மாட்டேன் என்கிறான். 6 வாரம் வளர்த்தது என்று அத்தை சொல்லிப் பார்த்தார்கள்.

நான்கும் சேவல்தான், அடிவாரத்து அண்ணா சொன்ன மாதிரி. கொண்டை சிவக்கிறது, ஆரஞ்சு நேற்று உடைந்த குரலில் கூவிப் பார்த்தது. சேவல் இல்லாத குறை தீர்ந்தது என்று வீட்டுக்காரர் சொல்கிறார்.

எடப்பாடி பெருவிடை | ஏப்ரல் 27, காலை 8.20

அம்மணி, அந்தச் சேவல்களை வளர்த்துங்கள், பையனுக்காக. ஆனால் அடை வைக்கும் முட்டைக்கு அவை வேண்டாம். லெகார்ன் ரத்தம் அடை உட்காராத ரத்தம், முட்டைக்காகவே தலைமுறை தலைமுறையாக அந்தக் குணத்தைக் கழித்து எடுத்திருக்கிறார்கள். அது கலந்தால் பிறக்கும் பெட்டைகள் முட்டை கூட இடும், ஆனால் அவயத்துக்கு உட்காருவது குறைந்துபோகும். இந்தக் கோழியின் குணம் உங்கள் தோட்டத்தில் நிற்க வேண்டும். என்னிடம் சிறுவிடைச் சேவல் ஒன்று இருக்கிறது, 10 மாதம், செவலை. காசு வேண்டாம். வரும் சனிக்கிழமை கொங்கணாபுரம் சந்தைக்கு வருவேன், அங்கே வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

குப்பனூர்க்காரி | ஏப்ரல் 27, இரவு 8.30

வருகிறோம் அண்ணா, பையனும் வருவான். அந்தச் சேவல் வந்தபின் வெள்ளைகளை மாந்தோப்புப் பக்கம் தனியாக அடைக்க வலை வாங்கியாயிற்று. பழைய கூடையைக் கழுவி, செள்ளு போக இரண்டு நாளாக வெயிலில் காய வைத்திருக்கிறேன். கோழி இன்று மத்தியானம் அதைச் சுற்றி வந்து, உள்ளே ஏறி, வைக்கோல் இல்லாத வெறும் கூடையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு இறங்கிப் போனது.